கூரைமேல் ஒரு பாட்டு

மரக்கறி வாங்கப் போன என்னைப் பிடித்துவிட்டார்கள்.

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு தேத்தண்ணிக் கடை. வாங்கில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மடியில் போன கிழமைப் பத்திரிகை.

"மாஸ்டர், உது சரியில்லை. ராஜேஷ் கன்னாவை ஜீப்பில ஏத்தினியள். ஷர்மிளா தாகூரை ரயில் யன்னலோரம் இருத்தினியள். பிறகு 'ஆனால் அவர் அந்த ரயிலில் இருக்கவே இல்லை' எண்டு எழுதி, 'தொடரும்' போட்டிட்டியள். ஒரு கிழமையாய் மண்டை காயுது. ஆள் எங்கை போனது?"

பதிலை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொடர் எழுதுகிறவனுக்கு அதுதானே பிழைப்பு! மூவருக்கும் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு நழுவி வந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன்.

திரையில் நாம் காணும் ஷர்மிளா பம்பாயில் இருந்தார். ஒரு ஸ்டூடியோவுக்குள்.

'ஆராதனா' படக்குழு அந்த ரயில் பாட்டை எடுக்க டார்ஜிலிங் மலைக்குப் போனபோது அவர் சத்யஜித் ராயின் படத்தில் அகப்பட்டிருந்தார். ராயின் படத்தை யார்தான் இடையில் விட்டுவிட்டு வருவார்கள்? இயக்குநர் சக்தி சாமந்தா காத்துக்கொண்டு இருக்கவில்லை. ராஜேஷ் கன்னாவையும் ஜீப் ஓட்டும் நண்பனாக வந்த சுஜித் குமாரையும் மலைக்குக் கூட்டிப்போனார். ஜீப்பை எடுத்தார். ரயிலை எடுத்தார். ஷர்மிளாவின் முகத்தைப் பிறகு தனியாக ஸ்டூடியோவில் எடுத்தார்.

ஒருவர் மலையில் நிமிர்ந்து பார்க்கிறார். மற்றவர் ஸ்டூடியோவில் புத்தகத்துக்கு மேலால் கடைக்கண் போடுகிறார். இரண்டு பார்வைகளையும் அடுத்தடுத்து ஒட்டினால் போதும். இடையில் கிடந்த இந்தியாவின் அகலம் காணாமல் போய்விடும்.

எடிட்டிங் என்ற கலையின் முதல் வித்தை இதுதான். சந்திக்காதவர்களைச் சந்திக்க வைப்பது.

சரி, பழைய கணக்குத் தீர்ந்தது. புதுக்கணக்குக்கு வருவோம்.

ஏறக்குறைய முப்பது வருடங்கள் ஓடிப்போயின. இன்னொரு மலை. இன்னொரு சின்ன ரயில். இன்னொரு பாட்டு. ஸ்டூடியோவின் கதவு முன்னரைவிட அகலமாகத் திறந்து கிடந்தது. பெட்டியைச் செட்டாகப் போடலாம். காற்றாடியால் காற்று வரவைக்கலாம். பின்னால் மலையைத் திரையில் ஓடவிடலாம். ஒருவருக்கும் ஒரு கீறல் விழாது.

இயக்குநர் அந்தக் கதவைச் சாத்தினார்.

பிறகு எல்லோரையும் ஓடும் ரயிலின் கூரையில் ஏற்றினார்.

*

அவர் மணிரத்னம். படம் 'தில் சே'. 1998 இல் வந்தது. தமிழில் நாம் பார்த்தது 'உயிரே'. பாட்டு எதுவென்று நான் சொல்லவேண்டுமா? 'தையா தையா'.

அந்தச் சொல்லுக்கே ஒரு குட்டிக் கதை உண்டு. பஞ்சாபின் சூபிக் கவி புல்லே ஷாவின் பாடலில் இருந்து கிளம்பிய சொல் அது. பாடகர் சுக்விந்தர் சிங் வழியாக ஏ.ஆர்.ரஹ்மானிடம் வந்து சேர்ந்தது. இந்தியில் எழுதிய குல்ஸார் அதைச் 'சையா' ஆக்கி, நிழலில் நடக்கிற பொருள் வரும்படி திருப்பிவிட்டார். தமிழில் எழுதிய வைரமுத்துவிடம் 'தையா' 'தையா'வாகவே இருந்துவிட்டது. சூபியின் பழைய சொல் இந்தியில் மாறிப்போக, தமிழில் தங்கிவிட்டது. வேடிக்கைதானே!

அது போகட்டும். ஏன் கூரை?

கதையை நினைவுபடுத்திப் பாருங்கள். வானொலிக்காரன் ஒருவன். அசாம் பக்கத்து ரயில் நிலையம். மழை இரவு. முகம் தெரியாத பெண். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு திரும்புகிறான். ரயில் அவளைக் கொண்டுபோய்விடுகிறது. பெயர்கூடத் தெரியாது.

அப்படிப்பட்டவன் எங்கே நின்று பாடுவான்? பூந்தோட்டத்திலா? காலுக்குக் கீழே எதுவும் உறுதியாக இல்லாத இடத்தில்தான் அவன் நிற்கமுடியும். அவன் மனது ஓடுகிறது, குலுங்குகிறது, வளைவில் சாய்கிறது. கூரை அவனுடைய நெஞ்சு.

இதை ஸ்டூடியோவில் செய்தால் என்ன குறை?

பாக் புரொஜெக்‌ஷன் என்றொரு பழைய முறை. நடிகருக்குப் பின்னால் திரை. திரையில் ஓடும் காட்சி. முன்னால் அசையாத பெட்டி. பழைய படங்களில் கார் ஓட்டும் கதாநாயகன் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருப்பார், பின்னால் றோட்டு நேராகப் போகும். பார்த்துச் சிரித்திருக்கிறோம் அல்லவா? கண்ணை ஏமாற்றலாம். உடம்பை ஏமாற்ற முடியாது. வளைவில் ரயில் சாயும்போது கூரையில் நிற்பவனின் முழங்கால் தானாகவே மடங்கும். மரநிழல் முகத்தில் ஏறி இறங்கும். கூந்தல் ஒரு திசையில் மட்டும் பறக்காது, காற்று சுழலும் திசையெல்லாம் பறக்கும். செட்டில் நிற்பவர் இதையெல்லாம் நடிக்கவேண்டும். கூரையில் நிற்பவருக்கு நடிக்கத் தேவையில்லை.

தேவைப்பட்டது ஒன்றே ஒன்று.

விழாமல் இருப்பது.

*

இப்போது ரயிலைப் பார்ப்போம். அதுவும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்.

நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீற்றர். ஒரு மீற்றர் அகலப் பாதை. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டினால் ஏற்றம் அவ்வளவு செங்குத்து, 12 அடி போனால் ஓரடி உயரவேண்டிய இடங்கள் உண்டு. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல்லுச்சட்டம். எஞ்சினின் பல்லுச்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். ஏறி முடிக்க ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும்.

அந்த மலைப்பாதை நமக்குப் புதிதல்ல. 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? மழையில் ரயில் நிலையம், குரங்காட்டம் ஆடும் கமல், யன்னலில் ஒன்றும் புரியாத ஸ்ரீதேவி. அதே பாதையில் உள்ள கேத்தி நிலையம்தான். எடுத்தவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த நம்முடைய பாலு மகேந்திரா. அவர் அந்த ரயிலை ஒரு பிரிவுக்குக் கொண்டுபோனார். மணிரத்னம் ஒரு பித்துக்குக் கொண்டுபோனார்.

வேகத்தைக் கவனித்தீர்களா? 46 கிலோமீற்றருக்கு ஐந்து மணித்தியாலம். நம்முடைய ஊரில் சைக்கிளே முந்திவிடும்! ஆனால் பாட்டில் பாருங்கள். ரயில் பறக்கிறது.

எப்படி?

இதை விளங்கிக்கொள்ள ஊட்டிக்குப் போகவேண்டாம். வல்லை வெளியால் மோட்டார்சைக்கிளில் போயிருப்பீர்கள். தூரத்துத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். றோட்டோர மின்கம்பம் மட்டும் விர்ரென்று பின்னால் ஓடும். போகிற வேகம் ஒன்றுதான். கிட்ட உள்ளது ஓடுகிறது, எட்ட உள்ளது நிற்கிறது.

கமராக்காரர் இதைத்தான் பயன்படுத்துவார். அகன்ற லென்ஸைப் போட்டு, ஆளுக்கு மிக அருகில் போய், ஓரத்து மரக்கிளையும் மண்மேடும் சட்டத்துக்குள் வரும்படி வைத்தால், ஆமை வேக ரயிலும் குதிரையாகும். நீண்ட லென்ஸைப் போட்டுத் தூரத்தில் இருந்து எடுத்தால் மலையும் ரயிலும் ஒட்டிப்போகும். வேகம் செத்துவிடும், ஆனால் அழகு வரும். ஒரு பாட்டுக்குள் இரண்டும் வேண்டும். மூச்சு வாங்க ஒன்று, மூச்சு விட ஒன்று.

இதில் கைதேர்ந்தவர்தான் அன்று கமராவுக்குப் பின்னால் நின்றார். சந்தோஷ் சிவன். 'தளபதி'யின் வெளிச்சமும் 'ரோஜா'வின் பசுமையும் 'இருவர்' படத்தின் நிழலும் அவர் கைவண்ணம். இயற்கை வெளிச்சத்தை நம்புகிறவர்.

ஆனால் மலையில் வெளிச்சத்தை நம்பலாமா? இந்த நிமிடம் வெயில். அடுத்த நிமிடம் முகில். நல்லதொரு வளைவை ரயில் தாண்டிவிட்டால் முடிந்தது. மறுபடி அதே வளைவுக்கு வர, முழு ரயிலும் பின்னால் போகவேண்டும். போய்வர, சூரியன் இடம் மாறியிருக்கும்.

ஸ்டூடியோவில் 'இன்னொரு டேக்' என்பது ஒரு சொல். அங்கே அது ஒரு பயணம்.

*

இனி இந்தப் பாட்டின் பெண்கள். இருவர்.

முதலாமவர் நடன அமைப்பாளர் ஃபரா கான்.

இவர் மேடைக்கு வந்த விதமே ஒரு கூரை ஏற்றம். 1992 இல் 'ஜோ ஜீத்தா வஹி சிக்கந்தர்' என்ற இந்திப் படம். அதன் நடன அமைப்பாளர் அந்நாளின் பேரரசி சரோஜ் கான். ஒரு பாட்டுக்கு அவரால் தொடர முடியாமல் போயிற்று. உதவி இயக்குநராய் நின்ற ஃபராவிடம் பாட்டு வந்து விழுந்தது. 'பெஹ்லா நஷா'.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆட்டத்தையே எடுத்துவிட்டார். முழுப்பாட்டையும் மெல்லசைவில் எடுக்க முடிவெடுத்தார்கள்.

அதில் ஒரு சிக்கல். கமராவை இரட்டிப்பு வேகத்தில் ஓட்டினால்தான் திரையில் அசைவு பாதியாகும். அப்போது உதடும் பாதி வேகத்தில் அசையும். பாட்டோடு ஒட்டாது. அதற்கு வழி, படப்பிடிப்பில் பாட்டையும் இரட்டிப்பு வேகத்தில் ஓடவிடுவது. நடிகர்கள் குருவி கத்துவது போன்ற அந்தப் பாட்டுக்குக் கிடுகிடுவென்று வாயசைக்கவேண்டும், முகத்திலோ காதல் வழியவேண்டும். திரையில் வந்தபோது உதடு பாட்டோடு ஒட்டியது. கூந்தலும் உடையும் மட்டும் கனவுபோல மிதந்தன.

அந்தப் பெண்ணிடம்தான் இப்போது கூரை வந்து சேர்ந்தது.

அவருக்கு முன்னால் ஒரு கேள்வி. நிலையாக நிற்கவே முடியாத இடத்தில் எப்படி ஆட வைப்பது?

பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். இந்த முறை முகத்தைப் பார்க்காதீர்கள். கால்களைப் பாருங்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி தோளிலும் இடுப்பிலும் கையிலும் இருக்கிறது. கால் அகன்று ஊன்றுகிறது. முழங்கால் மடிந்தே இருக்கிறது. சிலம்பம் ஆடுகிறவன் நிலை எடுப்பதுபோல. கூட்டம் ஒன்றாக அசைகிறது. அந்த ஒற்றுமை அழகுக்கு மட்டுமல்ல. ரயில் குலுங்கும்போது பத்துப் பேர் ஒரே தாளத்தில் எடையை மாற்றினால் ஒருவரை ஒருவர் இடிக்கமாட்டார்கள். பயத்தையே தாளமாக்கியிருக்கிறார்!

இரண்டாமவர் மலைக்கா அரோரா.

அவர் அப்போது படக்காரி அல்ல. மொடல். எம்.டி.வி.யில் நிகழ்ச்சி தொகுப்பவர். அந்த இடத்துக்கு முதலில் கேட்கப்பட்டவர்கள் பெயர் பெற்ற நடிகைகள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் வந்து சேர்ந்தவர் மலைக்கா. கதையில் அவருக்குப் பாத்திரம் இல்லை. பெயர் இல்லை. வசனம் இல்லை. ஒரு பாட்டு. அதில் தோற்றால் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

அப்படிப்பட்டவர் பயப்படலாம். மாட்டேன் என்று சொல்ல மட்டும் முடியாது.

மூன்றாவது ஆள் ஷாருக் கான். அதற்குள் பெரிய நட்சத்திரம். மூன்று வருடங்களுக்கு முன்னர் இன்னொரு படத்தின் முடிவில், ஓடும் ரயிலின் வாசலில் நின்று காதலிக்குக் கை நீட்டி இந்தியாவையே அழவைத்தவர். அவருக்கு ரயில் ராசியானது.

ஆனால் அது வாசல். இது கூரை.

*

இனி படப்பிடிப்புக்கு வருவோம்.

நினைத்துப் பாருங்கள். கூரையில் ஆட்டக்காரர்கள். வளைந்த தகரம். பிடிக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் பள்ளம். ஓடும் ரயிலின் இரைச்சலை மீறிப் பாட்டு எல்லோருடைய காதிலும் விழவேண்டும், ஏனென்றால் பாட்டு முன்னரே பதிவாகிவிட்டது. வாயும் காலும் அதற்குத்தான் ஒட்டவேண்டும். காது ஒரு கணம் தவறினால் முழு டேக்கும் போயிற்று.

ரயில் ஒரு உலுக்கலோடு கிளம்புகிறது.

காற்று.

மலைக்கா பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ரயில் ஓடத் தொடங்கியதும் காற்று அவரை ஒருபக்கம் தள்ளியது. நிமிர்ந்தால் மறுபக்கம் தள்ளியது. ஆடுவது இருக்கட்டும், நிற்கவே முடியவில்லை.

ரயிலை நிறுத்தி ஸ்டூடியோவுக்குத் திரும்பலாம். இப்போதும் நேரம் இருக்கிறது. ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

திரும்பவில்லை.

கயிறு கொண்டுவந்தார்கள்.

மலைக்காவின் இடுப்பில் கயிற்றைச் சுற்றினார்கள். பாவாடைக்குள் மறைத்தார்கள். மறுமுனையை ரயிலோடு கட்டினார்கள். ஷாருக் மட்டும் கட்டு வேண்டாம் என்று நின்றார் என்பார்கள்.

ரயில் மறுபடி கிளம்பியது. பாட்டு ஒலித்தது.

இந்த முறை அவர் ஆடினார்.

காற்று தள்ளும்போது கயிறு இழுத்தது. கயிறு இழுக்கும்போது உடம்பு எதிர்த்துத் திமிறியது. அந்தத் திமிறல்தான் திரையில் தெரிகிறது. இடுப்பின் அந்த வெட்டும் சுழற்சியும் ஆட்டக்காரியின் திறமை பாதி, காற்றோடும் கயிற்றோடும் நடந்த மல்லுக்கட்டு பாதி. ஸ்டூடியோக் காற்றாடியால் இதைச் செய்திருக்க முடியுமா?

நாலரை நாள் படப்பிடிப்பு. ஒரே ரயில். ஒரே கூரை.

கயிற்றை அவிழ்த்தார்கள்.

இடுப்பைச் சுற்றிலும் தோல் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

*

எடுத்ததோடு கதை முடியவில்லை. படச்சுருள் எடிட்டிங் மேசைக்கு வந்தது. மேசையில் சுரேஷ் அர்ஸ். 'பம்பாய்' படத்துக்குத் தேசிய விருது வாங்கிய எடிட்டர்.

ஆறரை நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டு. விநாடிக்கு 24 பிரேம். மொத்தம் 9,000க்கும் அதிகமான பிரேம்கள். வெவ்வேறு நாள், வெவ்வேறு வெயில், வெவ்வேறு வளைவு. ஒரு ஷொட்டில் தேயிலைச் சரிவு. அடுத்ததில் பாறை. இவற்றை ஒட்டினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றவேண்டும். சுற்றவில்லையே, ஏன்?

இதைத்தான் வாங்கில் இருந்த மூவரில் ஒருவர் என்னிடம் முன்னரே கேட்டிருந்தார். கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி. "மாஸ்டர், நான் ட்ரோனில எடுத்து, கிம்பலில எடுத்து, எல்லாத்தையும் பீற்றுக்கு வெட்டிறன். எண்டாலும் துண்டு துண்டாய்த்தான் கிடக்குது. அவங்களுக்கு மட்டும் எப்பிடி ஒட்டுது?"

தம்பி, மூன்று விசயம்.

ஒன்று, திசை. ரயில் திரையில் இடமிருந்து வலம் போனால், போய்க்கொண்டே இருக்கவேண்டும். தண்டவாளத்தின் மறுபக்கம் கமராவைக் கொண்டுபோய் வைத்தால், அடுத்த ஷொட்டில் ரயில் திரும்பி வருவதுபோல் இருக்கும். பார்ப்பவனின் மனது ஒரு கணம் இறங்கிவிடும்.

இரண்டு, அசைவு. கை மேலே எழும் நேரத்தில் வெட்டி, அடுத்த ஷொட்டில் அதே கை அதே அசைவைத் தொடர்ந்தால் போதும். பின்னால் மலை மாறியது கண்ணில் படாது. கண் கையைத்தான் பின்தொடரும். ஆட்டம்தான் பசை. நிலப்பரப்பு துண்டாகலாம், உடம்பு துண்டாகக்கூடாது.

மூன்று, தாளம். ஒவ்வோர் அடிக்கும் வெட்டினால் அது தையல் மெசின் ஆகிவிடும். சில அடிகளை விட்டுவிடவேண்டும். நீண்ட ஒரு ஷொட்டில் முழு ரயிலையும் மலையோடு காட்டி, 'பார், உண்மையாகத்தான் ஓடுகிறது' என்று சாட்சி வைக்கவேண்டும். அந்தச் சாட்சி கிடைத்த பிறகு எவ்வளவு வேகமாக வெட்டினாலும் பார்ப்பவன் நம்புவான்.

கல்யாண வீடியோவில் உனக்குக் குறைவது ட்ரோன் அல்ல தம்பி. அந்தச் சாட்சிதான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அசாம் கதைக்கு நீலகிரி ரயில். கதையின் மழை இரவு நிலையம் ஒரு மூலையில், தேயிலை மலை நாட்டின் மறுமூலையில். ஒட்டியது எடிட்டிங்தான்! ஆக, மணிரத்னமும் வித்தை செய்தார். கமராத் தந்திரம் ஒன்றுமே இல்லை, திரையில் தெரிகிறபடியேதான் எடுத்தார்கள் என்று மலைக்கா சொன்னது உண்மை. ஆனால் வித்தை இடம் மாறியிருந்தது.

'ஆராதனா'வில் வித்தை, பிரிந்திருந்த இருவரைச் சேர்த்து வைத்தது.

இங்கே வித்தை, கட்டுண்டிருந்த ஒருத்தியைக் கட்டற்றவளாய்க் காட்டியது. எந்த ஷொட்டிலும் கயிறு தெரியவில்லை. உலகம் பார்த்தது சுதந்திரத்தை.

சந்தோஷ் சிவனுக்குத் தேசிய விருது. ஃபரா கானுக்கு ஃபிலிம்ஃபேர். படம் இந்தியாவில் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பிரித்தானியாவிலோ முதல் பத்துப் படங்களுக்குள் நுழைந்தது. இந்தியப் படம் ஒன்று அங்கே அப்படி நுழைந்தது அதுதான் முதல் தடவை. இந்தப் பாட்டின் காட்சியைப் பார்த்துத்தான் இசைநாடகச் சக்கரவர்த்தி அன்ட்ரூ லொயிட் வெப்பர் ரஹ்மானை லண்டன் மேடைக்கு அழைத்தார்.

லண்டனுக்குப் போனது சரி. நமக்கு எப்படி வந்தது?

*

கசெற்றில் வந்தது.

அந்தப் போர் வருடங்கள் உங்களுக்குத் தெரியும். விவரிக்கப் போவதில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டுப் பழகிய ஊர். ஜெனரேற்றரும் டெக்கும் ரிவியும் வாடகைக்கு வரும். ஊரடங்குக்கு முன் படம் முடியவேண்டும். விறாந்தை நிறையப் பிள்ளைகள்.

யாழ்தேவி ரயில் 1990 யூனோடு நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலீப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாய்ப் போயின. அந்த விறாந்தையில் இருந்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தன் வாழ்நாளில் ரயிலைக் கண்டதே இல்லை.

திரையில் கூரை. கூரையில் ஆட்டம்.

நான் அந்த விறாந்தையில் இருந்தேன். ஒரு சின்னவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அம்மம்மா, கோச்சி எண்டால் உப்பிடித்தான் இருக்குமோ?"

கிழவி சுளகை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"கூரையில ஆக்கள் ஆடுற கோச்சி நான் காணேல்லை, பிள்ளை. ஆனா கோச்சி உப்பிடித்தான் ஆட்டும்."

ஸ்டூடியோவில் எடுத்திருந்தால் அந்தக் கிழவி அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எத்தனையோ தரம் போய்வந்த உடம்பு அது. அதை ஏமாற்ற முடியாது என்று முன்னரே சொன்னேன் அல்லவா?

2014 ஒக்ரோபர் 13. ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். இருபது வயது தாண்டிய இளம் ஆட்கள் பலர் முதன்முதலாக ரயிலைக் காண்கிறார்கள். எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெடியன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு பட்டியல் கையைக் கடிக்கிறது.

2002 இல் பி.பி.சி. உலக சேவை நேயர்களிடம் வாக்குக் கேட்டது. உலகின் மிகப் பிரபலமான பாட்டு எது? முதல் பத்து வெளியானது. நான்காம் இடத்தில் நம்முடைய இளையராஜா, 'தளபதி'யின் ராக்கம்மா பாட்டோடு. ஐந்தாம் இடத்தில் இன்னும் பெரிய அதிசயம். திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஈழத்துப் பாட்டு!

ஒன்பதாம் இடத்தில் நம்முடைய ரயில்.

அதற்கு ஒரு படி கீழே, பத்தாம் இடத்தில் ஓர் ஆங்கிலப் பாட்டு. பாடியவர் சன்சிபாரில் பிறந்த பார்சிக் குடும்பத்துப் பிள்ளை. பம்பாய்க்கு அப்பால் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் பியானோ பழகியவர். 1975 நவம்பரில் அந்தப் பாட்டுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ரயில் இல்லை. மலை இல்லை. நாலரை நாளும் இல்லை.

நான்கே மணித்தியாலம்.

லண்டனுக்குப் பக்கத்தில் ஓர் அரங்கு. இருட்டில் நான்கு முகங்கள். ஒரே முகம் நூறாகப் பெருகி வரிசையாய் ஓடவேண்டும். கணினி வித்தை இல்லாத காலம். எடிட்டிங்கில் செய்து முடிக்க நேரமும் இல்லை.

கமரா பாடகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதைத் திருப்பினார்கள்.

வேறெங்கும் அல்ல. அந்தக் கமராவின் படத்தையே காட்டிக்கொண்டிருந்த ரிவிப் பெட்டியை நோக்கி!

கமரா தன்னையே பார்த்தது.

ரிவியில் என்ன தெரிந்தது?

வாங்கில் இருக்கும் மூவரும் மன்னிக்கவேண்டும். இந்தக் கிழமையும் தேத்தண்ணி என் கணக்கு.

(தொடரும்)